உங்கள் தம்பியின் இரண்டாவது பட்டன்

நம்ஹே தீவு,
பூண்டு நட்டு முடித்த மறுநாள்.

மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு,

உங்கள் உடன்பிறந்த தம்பியின் மனைவி புன்ரே தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. தேகு நகரத்தில் குளிர் தொடங்கியிருக்கும், உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறதோ என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் அனுப்பிய சீமைப்பனிச்சைப் பழம் வந்து சேர்ந்தது, மிகவும் இனிப்பு. இங்கே நான் நலம். உங்கள் தம்பி நலமா என்று கேட்டால் எந்தப் பட்டனில் என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

பார்கின்சன் நோய்க்கு மூளையில் கம்பி வைக்கலாம் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது நீங்கள்தான். அதற்கு நான் ஆயிரம் கும்பிடு போடுவேன். தலைக்குள் இரண்டு கம்பி, மார்புத் தோலுக்கடியில் பேட்டரி, கை நடுக்கம் போயே போய்விட்டது. சாப்பிடுகிற உலோகக் குச்சிகளால் வழுக்குகிற கறுப்புச் சோயா மணிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி, பெருமைக்காக என் கிண்ணத்தில் போடுகிறார். ஆனால் குரல்? வாயில் வெந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை அடக்கிக்கொண்டு, அதுவும் போர்வைக்குள்ளிருந்து பேசுவது மாதிரி இருக்கிறது. நம் வயலுக்கு விட்ட தண்ணீர் வரப்பு தாண்டிப் பக்கத்து வயலிலும் பாய்வது போல, கையை அடக்கப் போகிற மின்சாரம் நாக்கை ஆட்டுகிற நரம்புப் பக்கமும் கசிகிறதாம். டாக்டர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அவருக்கென்ன, அவர் வீட்டு வரப்பா?

வேறு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் வாயை மூடிக்கொண்டு நிம்மதியாக இருப்பார்கள். இவர் ஊர்த்தலைவர் ஆயிற்றே அண்ணி! விடிந்தால் ஊர் மன்றத்துக் கூரை ஒலிபெருக்கியில் ஒரு பழைய பாட்டு, பிறகு "ஆ, ஆ, மைக் கேக்குதா", பிறகு உர மூட்டை வந்தது, காய்ச்சல் ஊசி போடுகிறார்கள், வரப்பில் நெருப்பு வைக்காதே என்று வரிசையாக அறிவிப்பு. இப்போது பாட்டு மட்டும்தான் ஊருக்குப் புரிகிறது. பாட்டு முடிந்ததும் என் கைப்பேசி அலறும். "புன்ரே அக்கா, அவரு இப்ப என்ன சொன்னாரு?" கிம்ச்சி ஊறுகாய்க்கு முட்டைக்கோஸில் உப்புப் போடுவேனா, வீட்டுக்கு வீடு அறிவிப்பு வாசிப்பேனா? வருடக் கடைசிக் கூட்டத்தில் தலைவர் பதவியைப் பிடிக்க அரிசி ஆலை மா தல்ச்சூ வேறு காத்திருக்கிறார்.

இந்த நிலையில் டாக்டர் கைப்பேசி மாதிரி ஒரு கருவி கொடுத்தார். முதல் பட்டன் கைக்கு. இரண்டாவது பட்டன் மின்சாரத்தைக் குறைத்துக் குரலுக்கு, அதுவும் அவசியமானால் மட்டும். உங்கள் தம்பிக்கு எல்லாமே அவசியம். மன்றத்துக்குப் போய்ப் பாட்டைப் போட்டுவிட்டு இரண்டாவதை அமுக்குகிறார். கொஞ்ச நேரத்தில் குரல் பழையபடி கணீரென்று வருகிறது, கூடவே கை ஆடத் தொடங்குகிறது. காகிதத்தைப் பிடிக்க நான், மைக்கைப் பிடிக்க நான், அவரைப் பிடிக்கவும் நான். போன வாரம் பூண்டு விதை அறிவிப்பு முடிந்ததும் மைக்கை அணைக்கப் போனார், விரல் சுவிட்சைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் பட்டது. எனக்கு இருந்த கோபத்தில் நானும் அதைக் கவனிக்கவில்லை.

"மொதல்ல அந்தப் பட்டனை மாத்துங்க. விழுந்து தொலைக்கப் போறீங்க."

"சும்மா இருடி. குரல் இருக்கறப்பவே கொஞ்சம் பேசிக்கிறேன்."

"பேசிக் கிழிச்சது போதும். பதவியை மா தல்ச்சூகிட்டக் குடுத்துட்டு வீட்ல கெடங்க. அந்தாளு தலைக்குள்ள தவிடுதான் இருக்கு, ஆனா தொண்டை நல்லா இருக்குல்ல?"

"சட்டைப் பொத்தானை நீ போட்டுவிடலாம். என் பேச்சை நீ பேச முடியுமா?"

"வருஷம் பூரா உங்க பேச்சை நான்தானய்யா ஊருக்குப் பேசிட்டிருக்கேன்!"

கதவு திறந்தது. தலையெல்லாம் தவிட்டுத் தூசியோடு மா தல்ச்சூவே நின்றார். "அக்கா, மைக்கை அணைச்சுட்டுச் சண்டை போடுங்க. ஆலையில ஒருத்தனும் வேலை செய்ய மாட்டேங்கறான், எல்லாரும் வெளிய வந்து கேட்டுட்டு நிக்கறாங்க."

என் மானம் கப்பலேறிவிட்டது அண்ணி. கடைப்பக்கம் போனால் கிழவிகள், "நாளைக்கும் உண்டா?" என்று கேட்கிறார்கள்.

அடுத்த வியாழன் ஆஸ்பத்திரியில் மின்சாரத்தைத் திருத்தி வைக்கப்போகிறார்கள். இரண்டும் முழுசாகக் கிடைக்காதாம், கைக்கு முதலிடமா குரலுக்கா என்று வீட்டில் பேசிவிட்டு வரச் சொன்னார்கள். இவர் குரல் என்று பிடிவாதம் பிடிக்கிறார். நீங்கள் சொன்னால்தான் கேட்பார். கை என்று கண்டித்துச் சொல்லுங்கள். இரண்டாவது பட்டனோடு நடந்து போய் ஒரு தடவை வாய்க்காலோரம் விழுந்தார். எனக்கும் வயதாகிறது, இன்னொரு தடவை விழுந்தால் என்னால் தூக்க முடியாது. ராத்திரி படுத்தால் அந்தப் பயம்தான். ஒலிபெருக்கியை யார் வேண்டுமானாலும் கட்டிக்கொண்டு அழட்டும்.

அண்ணாவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நோய் நொடியில்லாமல் வளரட்டும், உங்கள் வீட்டுக் கிம்ச்சி இந்தக் குளிரிலும் பதமாகப் புளிக்கட்டும்.

பணிவுடன்,
ஓக் புன்ரே

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். இன்று ஞாயிறு, அறிவிப்பு கிடையாது. ஆனாலும் காலையில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் இரண்டாவது பட்டனை அமுக்கினார். "இது சூப்பா, கடல் தண்ணியா?" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. நான் துணி காயப்போடுகிற லட்சணம், என் குறட்டை, மா தல்ச்சூவைப் பற்றி நான் பேசிய பேச்சு, அதற்கு அவர் போய் மன்னிப்புக் கேட்டது, எல்லாவற்றையும் இழுத்தார். பேசப் பேசக் கரண்டி ஆடி சூப்பெல்லாம் மடியில் கொட்டியது. நானும் விடவில்லை, ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தேன். சூப்பு ஆறிப்போனது கூடத் தெரியவில்லை. இத்தனை நாள் இந்த வீட்டில் நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன் அண்ணி, அது எனக்கு இன்றைக்குத்தான் உறைத்தது. அதனால் அவரைக் கண்டிக்க வேண்டாம். டாக்டரிடம் குரல் என்றே சொல்லப்போகிறேன். சோற்றை நான் ஊட்டிவிடுகிறேன், எனக்குச் சண்டை போட ஆள் வேண்டும்.