ஆல்டர்பர்ன் மடத்துக் கல்தளம்

மனித ஆன்மாவைக் கெடுக்கும் பாவங்களில் தலையாயது, வீட்டில் மாவு திரிப்பது. இதைக் கண்டுபிடித்து உலகுக்குச் சொன்ன பெருமை ஆல்டர்பர்ன் கிறிஸ்தவ மடத்தையே சேரும். ஆற்றோரம் மடத்தார் தண்ணீரால் ஓடும் மாவு ஆலை கட்டிய அதே வருஷம் இந்த ஞானம் பிறந்தது வெறும் தற்செயல்.

ஞானம் பிறந்த கையோடு, மடத்து ஆட்கள் வீடு வீடாகப் புகுந்து கைத்திரிகைகளைத் தூக்கிப் போனார்கள். ஊர்க் குடியானவள் ஹவீசாவுக்கு அவள் அம்மா சீதனமாகக் கொடுத்த, விளிம்பு உடைந்த திரிகையும் போயிற்று. மடாதிபதி அத்தனை கல்லையும் தம் கூடத்துத் தரையில் பதித்துக்கொண்டார். பாவத்தைக் காலால் மிதிக்க இதைவிட வசதி உண்டா? அன்றுமுதல் ஊரார் மடத்து ஆலையில் திரித்து, மாவில் ஒரு பங்கை 'மனமுவந்து' அளந்தார்கள்.

அந்தக் கோடையில் ஆறு வறண்டது, ஆலை நின்றது. ஹவீசா வீட்டில் பார்லி இருந்தது, மாவு இல்லை. காய்ச்சலில் கிடந்த மகளுக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டும். மடத்துக்கு ஓடினாள். பண்டகசாலைத் துறவி ஆம்பிரோஸ் வாசலை மறித்தார்.

"சாமி, என் கல்ல ஒரு நாளைக்குத் தாங்க. முழு தானியத்த வேகவச்சுக் குடுத்தா புள்ள கக்குது."

"பாவத்தக் கடனா கேக்குறியே, வெக்கமா இல்ல?"

"ஆலை நின்னதுலேருந்து நீங்க என்ன திங்கிறீங்க சாமி?"

ஆம்பிரோஸ் தளர்ந்த இடுப்புக்கயிற்றை இறுக்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டாரு. வா தாயி" என்றான், அங்கே நின்ற கொல்லன் வாட்.

சாயங்காலமே மணி அடித்தது. மடாதிபதிக்குத் 'தரிசனம்' கிடைத்துவிட்டதாம்! பஞ்சகாலத்தில், மடத்துக் கூரையின் கீழ் திரித்தால் அது பாவமில்லை, வழிபாடு. வயிறு காய்ந்தால் பக்தி எப்படிப் பொங்குகிறது பாருங்கள். கடப்பாரையால் தரையைப் பெயர்த்தார்கள்.

உடைந்த விளிம்பைத் தடவியே ஹவீசா தன் கல்லைக் கண்டுகொண்டாள். முதலில் மடத்துக் கோதுமை, பிறகுதான் அவள் பார்லி. தோள் இற்றுப்போகத் திரித்து மாவை வாரும்போது, ஆம்பிரோஸ் பங்கு அளக்க மரக்காலை நீட்டினார்.

"எதுக்கு சாமி? ஆலைதான் ஓடலையே!"

"பங்கு ஆலைக்கா குடுத்த? ஆண்டவருக்குல்ல!"

"கல்லு எங்கம்மாவுது. கை என்னுது. பார்லி நான் வெதச்சது. ஆண்டவரு இதுல என்னத்தத் திரிச்சாரு?"

"கல்லு உன்னுதுதான். அது கெடந்த குழி யாருது?"

ஹவீசா அளந்து கொட்டினாள். கையில் மிஞ்சியது ஒருவேளைக் கஞ்சிக்கு ஆகும். மேல்துணி நுனியில் முடிந்துகொண்டு நிமிர்ந்தாள்.

"ஆண்டவரு அஞ்சு அப்பத்த ஊருக்கே பங்கு வச்சாரு. நீங்க ஊரு அப்பத்த அஞ்சு பேருக்குப் பங்கு வக்கிறீங்க. உங்க அற்புதந்தான் சாமி பெருசு."