காலைத் தண்ணீர் யாருக்கு?

பேரம் பேசுவதில் என்னை வெல்லக்கூடியவன் ஊவா மாகாணத்தில் இன்னும் பிறக்கவில்லை. (பிறந்தவள் ஒருத்தி உண்டு. அவளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.) பெரகலையில் எனக்குச் சொந்தமாக லொறி ஓடுகிறது, மரக்கறிக் கடை இருக்கிறது. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு கைவிட்டவன் நான். எல்லாம் இந்த வாயால் சம்பாதித்தது.

எழுபதுகளில் மழையில்லாத ஒரு காத்துக் காலம். ஹல்துமுல்லைக்கு மேலே எங்கள் தோட்டத்து ஓடை நூலாய் இளைத்துவிட்டது. தோட்டம் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு பிரிவு. இரண்டு பக்கத்து லயத்து வரிசை வீடுகளுக்கும் பீலி வழியாகத் தண்ணீர் வந்தது அந்த ஒரே ஓடையிலிருந்துதான். விடியற்காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போகுமுன் யார் குடத்தை நிரப்புவது என்று மண்டைகள் உடைந்தன.

"தோட்டத்துத் தொரைகிட்டப் போனா ரெண்டு பீலியையும் அடைச்சிப்புடுவாரு. நாமளே பேசித் தீத்துக்குவோம்" என்றார் எங்கள் தலைவர் கருப்பையா அண்ணன்.

மேல்கணக்குக்காகப் பேச வாய் உள்ளவன் யார்? நான்தான். (கையைத் தூக்கியதும் நானேதான், அது பெரிய விசயமில்லை.) கீழ்க்கணக்கில் ஆம்பளைகளை நம்பாமல், கொழுந்து பறிக்கிற பெண்கள் தங்களில் ஒருத்தியை அனுப்பினார்கள். பெயர் மருதாயி.

ஓடை பிரியும் பாறையில் உட்கார்ந்தோம்.

"காலைத் தண்ணி முழுக்க எங்களுக்கு. சாயங்காலத் தண்ணி ஒங்களுக்கு" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"ஏங்க, ஒங்க லயத்துல மட்டுந்தான் காலையில மூஞ்சி கழுவுவாங்களா?"

கொழுந்துக் கறை படிந்த விரலால் பாறையில் ஒரு கோடு போட்டாள், பாதிக்குப் பாதி என்று. என் கண் அந்த விரலை விட்டு நகரவில்லை. இப்போதே சம்மதித்துவிட்டால் நாளைக்கு இவளை எப்படிப் பார்ப்பது?

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

மறுநாள் குளிக்கிற தண்ணீர்ப் பிரச்சினையைக் கிளப்பினேன். அதற்கு அடுத்து மாட்டுக்குத் தண்ணீர். (எங்கள் லயத்தில் மாடே கிடையாது.) எண்ணெய் வைத்து, வகிடெடுத்து, தினமும் பேச்சுவார்த்தைக்குப் போனேன். பேசி முடியும்வரை காலையில் யாரும் மொள்ளக் கூடாது என்பதால் இரண்டு பக்கமும் குடங்கள் காய்ந்தன.

கடைசியில் பொறுமை இழந்து எங்கள் லயமே காலிக் குடங்களோடு பாறைக்குத் திரண்டு வந்தது. மருதாயி அவர்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் எடுத்து.

"சரிங்க. காலைத் தண்ணி முழுக்க நீங்களே எடுத்துக்குங்க. முடிஞ்சிச்சா?"

என் சனம் ஆரவாரம் செய்தது.

"அது எப்புடிங்க முடியும்?" என்று துள்ளி எழுந்தேன். "ஒங்க புள்ளைங்களுக்குக் காலையில தேத்தண்ணி வேணாமா? இது அநியாயமில்ல?"

"டேய், நீ எந்தக் கணக்குடா?" என்று அலறினார் கருப்பையா அண்ணன்.

நான் நிறுத்தவில்லை. என் கோரிக்கையை நானே வெட்டி வெட்டிப் பேசினேன். அவ்வளவு அழகாக அதற்குப் பிறகு நான் பேசியதே இல்லை. ஒருநாள் காலை அவர்களுக்கு, மறுநாள் காலை எங்களுக்கு, அதுதான் நியாயம் என்று கையை ஓங்கி முடித்தேன்.

"எல்லாரும் கேட்டீங்கல்ல? அவரே சொல்லிட்டாரு. அப்புடியே வச்சுக்குவோம்" என்று மருதாயி எழுந்துகொண்டாள்.

"அப்ப நாளைக்கு...?"

"இனிமே பேச என்னாங்க இருக்கு?"

அந்த நேரம் பார்த்து ஒரு காலிக் குடம் என் முதுகில் வந்து விழுந்தது. (எறிந்தவள் என் அத்தை மகள். இன்று என் சம்சாரம்.)

அந்த வருசமே மருதாயி குடும்பத்துக்கு ஒரேயடியாக இந்தியா போகப் பாஸ்போட் வந்துவிட்டது. அப்புத்தளை ஸ்டேசனில் போய் நின்றேன். கோச்சி முழுக்க அழுகை. அவள் மட்டும் ஜன்னலோரம் அழாமல் இருந்தாள்.

"தண்ணி மொறையா வருதாங்க?"

"வருதுங்க."

மாகாணத்தையே பேசி மடக்குகிற வாயிலிருந்து அந்த ஒரு சொல்தான் வந்தது. கோச்சி வளைவில் திரும்பிய பிறகு மற்றதெல்லாம் வந்தது, கேட்க ஆளில்லாமல்.

இப்போது வீட்டில் கல்யாணமோ காணியோ எது பேச வேண்டி வந்தாலும் சம்சாரம் அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்: "அந்த மனுசன அனுப்பாதீங்க. அவங்க சரின்னு சொன்னாலும் இவரு கூடாதும்பாரு!"

பேரப்பிள்ளைகள் வரைக்கும் விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே, இன்று காலை எந்தக் கணக்கின் முறை என்று எண்ணிப் பார்ப்பேன். கீழ்க்கணக்கு முறையாக இருந்தால், அன்றைக்கு நான் யாரோடும் பேரம் பேசுவதில்லை.