மந்திரி கேட்ட ஆதாரம்

இந்த உப்பு சீசன் முடிவதற்குள் ஒரே ஒரு தடவையாவது தன் சொல்லை ஆட்கள் மறுபேச்சில்லாமல் நம்ப வேண்டும் என்று கன்னியப்பன் சபதம் செய்தார். சபதம் செய்த இடம் குளியலறை. வெளியே இருந்து கலைமதி, "எவ்ளோ நேரமா தண்ணி ஓடுது, மூடுங்க" என்றாள். மூடினார். குழாயைத்தான். சபதம் அப்படியே இருந்தது.

சபதத்துக்குக் காரணம் உண்டு. மரக்காணத்தில் பன்னிரண்டு ஏக்கர் உப்பளம், பதினாலு ஆட்கள். இருபத்திரண்டு வருஷமாக வரப்பின்மேல் நின்று உத்தரவு போடுகிறவர் கன்னியப்பன்தான். "அரசப்பா, ரெண்டாம் பாத்திக்குத் தண்ணி உடு" என்பார். மேஸ்திரி அரசப்பன் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு ரொம்பப் பணிவாகக் கேட்பான்.

"உட்டுடலாம் மாமா. அக்காவைக் கேட்டீங்களா?"

உப்பளம் கலைமதியின் அப்பா நடத்தியது. அந்த வரப்பில் நடை பழகியவள் அவள். அதனால் ஆட்களுக்கு அவள் அக்கா. அக்காவைக் கட்டிக்கொண்டதால் இவர் மாமா. உறவுமுறையில்கூட அவருக்கென்று சொந்தமாக ஒன்றும் கிடையாது.

கன்னியப்பனின் ஊர் கிளியனூர்ப் பக்கம், நெல் விளைகிற குடும்பம். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த முதல் வருஷம், ஒரு சித்திரை மத்தியானம் மேற்கே மேகம் கறுத்தது. பாத்தி முழுக்க உப்பு வாரத் தயாராக இருந்தது. புது மாப்பிள்ளை வரப்பில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா, மனசு வெச்சு நல்லா கொட்டு தாயே" என்று வேண்டினார். நெல்லுக்கு வேண்டிய வாய், பழக்க தோஷம். ஆத்தாளும் புது மாப்பிள்ளை கேட்டதாயிற்றே என்று கொட்டித் தீர்த்தாள். நாற்பது நாள் உப்பு ஒரு மணி நேரத்தில் கரைந்தது. கூடவே மாமாவின் மரியாதையும் கரைந்தது. உப்பு மறுபடி விளைந்தது. மரியாதைதான் இன்னும் விளையவில்லை.

போன மாதம் திண்டிவனத்தில் ஒருநாள் பயிற்சி நடந்தது. 'சிறு தொழிலுக்கு ஒர்க்ஃப்ளோ ஆட்டோமேஷன்.' மதிய சாப்பாடு உண்டு என்றார்கள், கன்னியப்பன் போனார். சொல்லிக்கொடுத்த அறிவழகன் என்ற இளைஞர், "இது நடந்தா அதைச் செய்னு ஒரு தடவை சொல்லி வெச்சா போதும் சார். அப்புறம் யாரும் யாரையும் கேக்க வேணாம்" என்றார்.

யாரும் யாரையும் கேட்க வேண்டாம்! கன்னியப்பனுக்கு வடை தொண்டையிலேயே நின்றுவிட்டது.

சிக்கல் ஒன்றுதான். அதைச் செய்கிற மென்பொருளின் விளக்கப் புத்தகம் ஆயிரத்து நானூறு பக்கம், அத்தனையும் ஆங்கிலம். அதற்கும் அறிவழகன் வழி சொன்னார். ஒரு ஏஐ உதவியாளரை போனில் வைத்துக்கொள்ளுங்கள், அது படித்து ஆராய்ந்து தமிழில் சொல்லும். "ஆனா சார், அது சமயத்துல சொந்தமா கதை விடும். எதைச் சொன்னாலும் ஆதாரம் கேளுங்க."

கன்னியப்பன் உதவியாளரை அமைத்தார். 'மந்திரி' என்று பேர் வைத்தார். நாலு வரியில் கட்டளையும் எழுதினார்: "எல்லாவற்றையும் படி. சொந்தமாக எதுவும் சொல்லாதே. ஒவ்வொன்றின் கடைசியிலும் ஆதாரம் போடு. யார் சொன்னது, எங்கே, எப்போது என்று தெளிவாகப் போடு."

எழுதி முடித்து மீசையைத் தடவிக்கொண்டார். மந்திரி ஆயிரத்து நானூறு பக்கத்தை டீ ஆறுவதற்குள் படித்துவிட்டது. பிறகு பள்ளிக்கூட வாத்தியார் தமிழில் பேசியது.

"செய்தி அனுப்பும் முறையை அறிந்துகொண்டேன். காற்று நிலவரத்தை அரை மணிக்கு ஒரு முறை இணையத்தில் பார்க்கவும் என்னால் முடியும். இனி உங்கள் உப்பளத்தின் வேலைமுறை ஆவணத்தைத் தாருங்கள். பாத்திக்கு எப்போது நீர் விட வேண்டும்?"

கன்னியப்பன் யோசித்தார். "அது வந்து... தண்ணி உடுற நேரத்துல."

"உப்பை எப்போது வார வேண்டும்?"

"வார்ற பக்குவத்துல."

"அந்தப் பக்குவத்தை அறிவது எப்படி?"

கன்னியப்பன் போனைக் கவிழ்த்து வைத்தார். இந்த உலகத்தில் அந்த ஆவணம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது இப்போது அடுப்படியில் நின்று புளி கரைத்துக்கொண்டிருக்கிறது.

அதனாலென்ன? அவளிடமே கறந்துவிட்டால் போயிற்று. அவளுக்குத் தெரியாமல் கறப்பதில்தானே கெட்டிக்காரத்தனம். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மந்திரியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தார்.

"கலை, ஏதாச்சும் ஒத்தாசை பண்ணட்டுமா?"

கலைமதி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "இன்னாங்க, உடம்பு சரியில்லையா?"

"சும்மா பேசிக்கினு இருக்கலாம்னுதான். ஆமா, பாத்தியில உப்பு வார்ற பக்குவம் எப்படித் தெரியுது உனக்கு?"

"இருபத்திரண்டு வருஷமா வரப்புல நிக்கிறீங்க. இப்பதான் கேக்கத் தோணுச்சா?"

"நல்லதைக் கேக்கறதுக்கு நாள் நட்சத்திரம் பாப்பாங்களா?"

"அதுவும் சரிதான். கை சும்மா இருந்தா எனக்குப் பேச்சு வராது. இந்த நெத்திலியை ஆயுங்க, சொல்றேன்."

ஒரு கிலோ நெத்திலி. தலையைக் கிள்ளி, குடலை உருவி, ஒன்றொன்றாக ஆய வேண்டும். கன்னியப்பன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ராஜ்யம் பிடிக்கிறவன் முள்ளுக்குப் பயப்படலாமா? அவள் சொல்லச் சொல்ல மந்திரி சட்டைப்பைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டது. எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, கலைமதி ஒரு அண்டாவை நகர்த்தும் வரைக்கும்.

"மன்னிக்கவும்" என்றது சட்டைப்பை. "பாத்திரம் உருளும் சத்தத்தில் கடைசி வாக்கியம் விளங்கவில்லை. மீண்டும் கூற முடியுமா?"

கன்னியப்பன் மீனோடு சேர்த்து மூச்சையும் பிடித்தார்.

"யாருங்க அது?"

"வயிறு. காலையிலேர்ந்து ஒரே கேஸ்."

"உங்க வயிறு இவ்ளோ மரியாதையா பேசுமா?"

"படிச்ச குடும்பம்ல?" என்று சொல்லிவிட்டு நெத்திலியில் குனிந்துகொண்டார். கலைமதி கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு ஒன்றும் நடக்காதது போல, விட்ட இடத்திலிருந்து, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள். தப்பித்தோம் என்று கன்னியப்பன் நினைத்தார். பெண்களை ஏமாற்றுவது இவ்வளவு சுலபம் என்று தெரியாமல் இத்தனை வருஷம் வீணாக்கிவிட்டோமே என்று வருத்தம்கூட வந்தது.

செவ்வாய்க்கிழமையும் நெத்திலி.

"இன்னா கலை, இன்னிக்கும் இதேவா?"

"கரையில இதான் மலிஞ்சு கெடக்குது. ஆயுங்க. வாயைத் தொறந்து சொல்லிக்கினே ஆயுங்க, அப்பதான் கை பழகும்."

"இன்னான்னு சொல்றது?"

"எட்டு மணிக்கு நெத்திலி ஆயறேன். மொதல்ல தலையைக் கிள்றேன். அப்புறம் கொடலை உருவுறேன். மூணு தண்ணியில அலசுறேன். சத்தமா சொல்லுங்க, எனக்குக் காது கேக்கல."

சொன்னார். பதிலுக்கு அவள் அன்று மழை ரகசியத்தையே எடுத்துக் கொடுத்தாள். "கடல்காத்து அடிச்சிக்கினே இருந்து மத்தியானத்துல பொசுக்குன்னு நின்னுச்சுன்னா, மேக்காலேர்ந்து மழை வருதுன்னு அர்த்தம். மேகம் கண்ணுக்குத் தெரியட்டும்னு இருந்தா உப்பு போச்சு. காத்து நின்ன நிமிஷமே வாரிக் குமிச்சு தார்ப்பாயைப் போட்டுடணும்."

கன்னியப்பனுக்குப் புல்லரித்தது. ஒரு கிலோ நெத்திலிக்கு ஒரு பரம்பரை ரகசியம்!

புதன்கிழமையும் நெத்திலி, புதன்கிழமையும் சொல்லிக்கொண்டே ஆய்தல். வியாழன் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மந்திரி வேலையை முடித்தது.

"மூன்று நாள் கேட்ட அனைத்தையும் தொகுத்து, வேலை, நேரம், பொறுப்பாளர் எனப் பிரித்துள்ளேன். நாற்பத்தொரு பக்கம். படித்துப் பார்த்து ஒப்புதல் தரவும். தந்தபின் உங்கள் போனிலுள்ள உப்பளக் குழுவில் பதினான்கு பேருக்கும் செய்திகள் தாமாகச் செல்லும்."

நாற்பத்தொரு பக்கத்தைப் படிக்கவா மந்திரி வைத்திருக்கிறோம்? கன்னியப்பன் விரலால் ஒரே தள்ளாகத் தள்ளிக் கடைசிக்குப் போய் 'சம்மதம்' என்பதை அமுக்கினார். அமுக்கிய கையோடு ஈசிஆர் ரோட்டு டீக்கடைக்குப் போய், பக்கத்து உப்பளத்துக்காரர் பக்தவச்சலத்தைப் பிடித்து உட்கார வைத்தார்.

"ஏம்பா பக்தா, இனிமே என் அளத்துல யாரும் யாரையும் கேக்க மாட்டாங்க. நான் சொன்னா சொன்னதுதான்."

"தங்கச்சிகிட்ட பர்மிஷன் வாங்கிட்டியா இதுக்கு?"

"டேய், சிரிக்காதே. பாத்துக்கினே இரு."

இரண்டரை மணிக்கு, டீக்கடைத் தட்டியில் தொங்கிய பாக்கெட்டுகள் ஆடுவது நின்றது. கடல்காற்று விழுந்துவிட்டது. வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லை. கன்னியப்பனின் போன் சிணுங்கியது. திரையில், 'குழுவுக்குச் செய்தி அனுப்பப்பட்டது.'

அடுத்த நிமிஷம், எதிரே மரத்தடியில் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த ஆட்கள் தலைப்பாகையைக் கட்டியும் கட்டாமலும் அளத்தை நோக்கி ஓடினார்கள். பதினாலு பேரும் ஓடினார்கள். ஒருவனும் நிற்கவில்லை. ஒருவனும் அக்காவைக் கேட்டீங்களா என்று கேட்கவில்லை. கன்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

கடைசித் தார்ப்பாய்க்குக் கல் வைத்துக்கொண்டிருக்கும்போது மேற்கே கறுத்தது. அரை மணியில் சட்டி கவிழ்ந்த மாதிரி மழை. பாத்தியில் ஒரு கை உப்புகூட மிச்சமில்லை, எல்லாம் மேட்டில் பத்திரமாக இருந்தது. பக்தவச்சலம் நனைந்துகொண்டே வந்து கையைப் பிடித்தார்.

"உன் ஆளுங்க ஓடறதைப் பாத்துதான் என் ஆளுங்களும் வாரினாங்க. ஒத்துக்கிறேன்பா. நீ பெரிய ஆளுதான்."

"நான் சொன்னேன் இல்ல? மறுபேச்சு இல்லாம கேட்டாங்க, பாத்தியா?" கன்னியப்பன் மழையிலும் நெஞ்சை நிமிர்த்தினார். "அரசப்பா, மாமா அனுப்புன செய்தியைப் படிச்சுக் காட்டு இவருக்கு."

அரசப்பன் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த போனை எடுத்து நல்ல குரலில் படித்தான்.

"'கடல்காற்று நின்றது. உடனே உப்பை வாரிக் குவித்துத் தார்ப்பாய் போடவும். ஆதாரம்: கலைமதி. அடுப்படி, செவ்வாய்க்கிழமை காலை.'"

மழைச் சத்தத்தையும் மீறிப் பக்தவச்சலம் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"அந்தக் கடைசி வரியை இன்னிக்கே எடுத்துடறேன்" என்றார் கன்னியப்பன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"வேணாம் மாமா" என்று பதறினான் அரசப்பன். "மொதல் ரெண்டு வரியைப் படிச்சிட்டுத் திரும்பிப் படுத்துட்டோம். கடைசி வரியைப் பாத்துதான் எழுந்து ஓடியாந்தோம்."

வீட்டு வாசலில் கலைமதி துண்டோடு நின்றிருந்தாள். "நீங்க நனைஞ்சிட்டீங்க. மந்திரி நனையாம வந்தாரா?"

வாங்கிய துண்டு கன்னியப்பன் கையிலிருந்து நழுவியது. "உனக்கு எப்போ தெரியும்?"

"உங்க வயிறு மன்னிப்பு கேட்டுச்சே, அப்பவே. பேரு மட்டும் நீங்க தூக்கத்துல ஒளறினது."

"தெரிஞ்சுமா எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தே?"

"பின்னே? உப்பு நம்மளுது. நீங்க பாட்டுக்கு மந்திரியை மழை வேணும்னு வேண்டிக்கச் சொல்லிட்டீங்கன்னா?" என்றாள். கோபமே இல்லை அவளுக்கு. தலையைக்கூட அவளே துவட்டிவிட்டாள். இவளைப் போய் ஏமாற்றப் பார்த்தோமே என்று கன்னியப்பனுக்கு மனசு இளகிவிட்டது. ஒரு மனைவியின் இந்த அளவு அன்பைக் கண்டால் வேறு எந்த ஆண்பிள்ளையும் உஷாராகியிருப்பான்.

வெள்ளிக்கிழமை காலை வெயில் பளிச்சென்று அடித்தது. கன்னியப்பன் வரப்பின்மேல் பழைய மிடுக்கோடு நின்று, மழைத்தண்ணீரை எந்தப் பக்கம் வடிப்பது என்று கை நீட்டிக்கொண்டிருந்தார். மணி எட்டு. பதினாலு போனும் ஒரே நேரத்தில் சிணுங்கின. பதினாலு பேரும் எடுத்துப் பார்த்தார்கள். பிறகு பதினாலு பேரும் மாமாவைப் பார்த்தார்கள்.

"மாமா, நேரமாயிடுச்சு. நீங்க வீட்டுக்குக் கெளம்புங்க" என்றான் அரசப்பன். "இங்க நாங்க பாத்துக்கறோம்."

"எதுக்குடா?"

"'தினசரி, காலை எட்டு மணி. நெத்திலி ஆய்தல். தலையைக் கிள்ளவும், குடலை உருவவும், மூன்று நீரில் அலசவும். பொறுப்பாளர்: கன்னியப்பன்'னு போட்டிருக்குது மாமா."

"எவன் சொன்னது? ஆதாரத்தைக் காட்டுடா!"

அரசப்பன் போனைத் திருப்பிக் காட்டினான். 'ஆதாரம்: கன்னியப்பன். அடுப்படி, செவ்வாயும் புதனும், தன் வாயால் சொன்னது.'

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, அக்காவை ஒரு வார்த்தை கேட்காமல், பதினாலு பேரும் மாமாவின் சொல்லை அப்படியே நம்பினார்கள்.