கண்படா நிலை

அழகைப் பார்ப்பதற்குக் கண் இருந்தால் போதும். அதை ஆடுமாடுகூடச் செய்துவிடும். அழகைப் பார்க்காமல் இருப்பதற்குத்தான் நாகரிகம் வேண்டும். மனித குலம் இந்தச் சிகரத்தை எட்டிப் பிடித்தது ஒரு பல் மருத்துவமனையின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பதினோரு பேர் ஒருமனதாகக் கை தூக்கியபோது. பதினோரு கைகளிலும் வெள்ளைப் பருத்திக் கையுறை இருந்ததைச் சரித்திரம் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவர்கள் 'அலங்கார நோட்டுப் பேரவை'யின் உறுப்பினர்கள். அந்த மாபெரும் அலங்கார ஓவியரை அறியாதவர் யார்? கொடி, பூ, கொடிபோன்ற கூந்தல், கூந்தல்போன்ற கொடி ஆகிய நான்கை மட்டும் வைத்துக்கொண்டு பிஸ்கட் டப்பா மூடியிலிருந்து நாடகச் சுவரொட்டிவரை நிரப்பியவர். நாடு புதிதாகப் பிறந்தபோது பணநோட்டையும் அவரே வரையட்டும் என்றது அரசு. வரைந்தார். அத்தனை அழகான நோட்டுகளைக் கொடுத்துப் பொதுமக்கள் வெங்காயமும் செருப்பும் வாங்கினார்கள். இந்த அநியாயத்தைக் கண்டு மனம் வெதும்பியவர்கள் பிற்காலத்தில் கூடி அமைத்ததுதான் பேரவை.

பேரவையின் செயலாளர், நீர் வாரியத்தில் பதிவேட்டுப் பிரிவுத் தலைமை எழுத்தர். அலுவலகத்தில் அவர் கோப்புகளை யார் கண்ணிலும் படாமல் காத்த அனுபவம் இங்கே நன்றாகக் கை கொடுத்தது. விரல் பட்டால் நோட்டு கெடும் என்று முதலில் இடுக்கியைக் கொண்டுவந்தவர் அவர். மூச்சு பட்டால் கெடும் என்று மூக்குக்குத் துணி கட்டவைத்தவரும் அவரே. ஆனாலும் ஒரு பெரும் பகை மிச்சமிருந்தது: வெளிச்சம். வெளிச்சம் பட்டால் சாயம் மங்கும். வெளிச்சமில்லாமல் பார்க்க முடியாது. ஆகவே பார்ப்பதே நோட்டுக்குச் செய்யும் கேடு என்று பேரவை கண்டறிந்தது. நோட்டைக் கறுப்பு உறையில் இட்டு, அரக்கு முத்திரை வைத்து, உரிமையாளரும் திறக்காதிருந்தால் அதற்கு 'கண்படா நிலை' என்ற உச்சத் தரம். அதற்கு ஒரு பதக்கம். பதக்கம் பெறுபவரே அடுத்த தலைவர்.

பதக்கம் யாருக்கு என்பதில் சந்தேகமே இல்லை. ஓவியர் வரைந்த ஐம்பது மதிப்பு நோட்டு செயலாளரிடம்தான் இருந்தது. அந்த நோட்டு வெளியாகவே இல்லை. அச்சடித்த மாதிரிகளை அரசு எரித்துவிட, தப்பியது ஒன்றே ஒன்று. அதைப் படமெடுத்தவர் கிடையாது. பார்த்தவர் பேரவையின் முதல் தலைவர் ஒருவரே; அவர் இப்போது உயிருடன் இல்லை. அவர் வீட்டாரிடமிருந்து செயலாளர் அதை வாங்கியபோதே உறையும் அரக்குமாகத்தான் வந்தது. ஆக, செயலாளரும் பார்த்ததில்லை. ஒன்பது வருடங்களாகப் பார்க்காமல் ரசித்துவந்தார்.

கண்காட்சிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, அழைப்பிதழ் ஒன்றைச் சட்டைப் பையில் மறந்துவிட்டு, சட்டையை இஸ்திரிக்குப் போட்டார். தெருமுனையில் இஸ்திரிக் கடை வைத்திருந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். சட்டையை வாங்கப் போனபோது, அந்த அம்மாள் அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"சார், இதுல போட்டிருக்கிறது நிஜமா? 'மடித்த துணியைக் கையில் ஏந்திய பெண். இடது புருவம் நடுவே அறுந்திருக்கும்.'"

"ஆமா. அந்த அறுந்த புருவம், பாதியில் தடைபட்ட தேசத்தின் கனவைக் குறிக்குது. எங்க முதல் தலைவர் அதைப் பத்தி நாப்பது பக்கம் எழுதியிருக்கார்."

"இஸ்திரிப் பெட்டி மூடி பட்ட தழும்பு சார் அது. எங்கம்மா."

செயலாளர் சட்டையை வாங்க நீட்டிய கையை அப்படியே வைத்திருந்தார்.

"ஓவியர் வீட்டுல துணி வேலைக்கு இருந்தாங்க. ஒரு நாள் மடிச்ச துணியோட படியேறி வந்தப்ப அப்படியே நிக்கச் சொல்லி வரைஞ்சாராம். நான் பிறந்த நாப்பதாம் நாள் போயிட்டாங்க. போட்டோ ஒண்ணுகூடக் கிடையாது. 'உங்கம்மா நோட்டுல வந்திருக்காடி'ன்னு சித்தி சொல்லிக்கிட்டே இருப்பாங்க. எந்த நோட்டைப் பார்த்தாலும் திருப்பித் திருப்பித் தேடுவேன். இந்த நோட்டு வெளியவே வரலைன்னு இப்பத்தான் தெரியுது." பிறகு கையை முந்தியில் துடைத்துக்கொண்டார். "ஒரே ஒரு தடவை பார்க்கலாமா சார்? தொடமாட்டேன். தூரத்துல நின்னு பார்த்துட்டுப் போயிடுறேன்."

இத்தகைய அதிர்ச்சிகளைத் தாங்கத்தான் அவசரக் கூட்டம் என்ற ஒன்றை மனிதன் கண்டுபிடித்திருக்கிறான். மறுநாளே பல் மருத்துவமனை மாடியில் கூடினார்கள். தலைவரான பல் டாக்டர் ஒரு நோயாளியை வாய் திறந்தபடியே கீழே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"அந்தம்மாவுக்கும் நோட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார்.

"அதுல இருக்கிறது அவங்க அம்மா" என்றார் செயலாளர்.

"அது அம்மாவோட சம்பந்தம். நோட்டோட என்ன சம்பந்தம்னு கேட்டேன்."

டிரைவிங் ஸ்கூல் நடத்தும் பொருளாளர் குறுக்கே வந்தார். "உறுப்பினரா சேரச் சொல்லலாமே?"

"சேரணும்னா ஒரு அலங்கார நோட்டு சொந்தமா இருக்கணும்" என்றார் டாக்டர்.

"இல்லையே."

"அப்ப எப்படிச் சேர்க்கிறது?"

"அதான் சேர்க்க முடியாதுங்கிறேன்."

"சேர்க்கலாமேன்னு நீங்கதானே ஆரம்பிச்சீங்க?"

"விவாதம்னா ரெண்டு பக்கமும் பேசணும்ல?"

டாக்டர் மேசையைத் தட்டினார். "நான் ஒண்ணு கேக்கிறேன். நாம யாராவது அந்த நோட்டைப் பார்த்திருக்கோமா? இல்ல. அதனால நமக்கு ஏதாவது குறைஞ்சு போச்சா? இல்ல. நமக்கே தேவைப்படாத ஒண்ணு அந்தம்மாவுக்கு மட்டும் எதுக்கு?"

இந்த வாதத்தில் ஓட்டை இல்லை என்று எல்லோரும் கையுறையோடு கைதட்டினார்கள். சத்தம் வரவில்லை. கடைசியில் கருணையும் வென்றது: அம்மாளுக்குக் கண்காட்சிக்கு இலவச அனுமதி, உறையை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

"உறையைப் பார்த்து என்ன பண்ணுவாங்க?" என்று செயலாளர் மெல்லக் கேட்டார்.

"நாம என்ன பண்றோமோ அதைத்தான்" என்றார் டாக்டர்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட மனைவி, காய் நறுக்குவதை நிறுத்தாமலே சொன்னார்: "ஏங்க, ஒரு கவர்தானே? பிரிச்சுக் காட்டிட்டு ஒட்டிடுங்க."

"கவர் இல்ல. நிலை."

"சரி, அந்த நிலையைப் பிரிச்சுக் காட்டுங்க."

"பிரிச்சா பதக்கம் போயிடும். தலைவர் பதவி போயிடும். ஒன்பது வருஷம் நான் பார்க்காம இருந்ததெல்லாம் வீணாயிடும்."

"கல்யாண ஆல்பத்தையும் நீங்க பதினெட்டு வருஷமா பார்க்கல. அதுக்கும் ஏதாவது பதக்கம் உண்டான்னு கேளுங்க."

கலையுணர்வில்லாதவர்களிடம் விவாதிக்கக்கூடாது என்று செயலாளர் வெகுநாள் முன்பே முடிவெடுத்திருந்தார். ஆனாலும் அன்று இரண்டு முறை அலமாரியைத் திறந்து, உறையை எடுத்து, விரலால் எடை பார்த்து, மறுபடி வைத்தார்.

கண்காட்சி நகர நூலக அரங்கில் நடந்தது. நீண்ட கண்ணாடிப் பெட்டிகளில் பதினோரு கறுப்பு உறைகள் வரிசையாக இருந்தன. கூட்டம் அலைமோதியது என்று சொன்னால் பொய். ஆனால் வந்தவர்கள் நெகிழ்ந்தார்கள். "என்ன கோடு! என்ன வளைவு!" என்று மூன்றாவது உறையின் முன் ஒருவர் கண் கலங்கினார். அது ஓர் உறுப்பினர் தவறுதலாக வைத்துவிட்ட மூக்குக்கண்ணாடிக் கூடு என்று பிறகு தெரியவந்தது. இருந்தாலும் அவர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

இஸ்திரிக் கடை அம்மாள் கடையை மூடிவிட்டு, மடிப்புக் கலையாத உடையில் வந்து வரிசையில் நின்றார். ஐம்பது மதிப்பு நோட்டின் உறை முன் வந்ததும் குனிந்து பார்த்தார். பின்னால் இருந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர் நகரவில்லை.

"இதுக்குள்ளயா சார்?"

"இதுக்குள்ளதான்" என்றார் பக்கத்தில் நின்ற செயலாளர்.

"கண்ணாடியில என் மூஞ்சிதான் தெரியுது."

டாக்டர் எங்கிருந்தோ வந்துவிட்டார். "மன்னிக்கணும்மா, விளக்கு அப்படி அமைஞ்சுபோச்சு. அடுத்த வருஷம் சரி பண்ணிடுறோம்." அதை நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு போனார்.

அம்மாள் நிமிர்ந்தார். "நான் பார்க்கிறதுக்கு எங்கம்மா மாதிரியேன்னு சித்தி சொல்வாங்க. நிஜமா, சமாதானத்துக்குச் சொன்னாங்களான்னு தெரியல. அதை மட்டும் தெரிஞ்சுக்கணும் சார். உங்க நோட்டுதானே? நீங்க நினைச்சா முடியும்ல?"

முடியும். விதி நான்கு: உரிமையாளர் எப்போது வேண்டுமானாலும் முத்திரையை உடைக்கலாம். அந்த விதியை எழுதியதே செயலாளர்தான். பெட்டியின் சாவி அவர் இடுப்பில் இருந்தது. திறந்தார். உறையை எடுத்தார். அரக்கின் விளிம்பில் கட்டைவிரல் நகத்தை வைத்தார். லேசாக அழுத்தினால் போதும். அம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றார். தூரத்திலிருந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார் அல்லவா?

அப்போது மேடையில் ஒலிபெருக்கி கரகரத்தது. "இப்போது பதக்கம் வழங்கும் நிகழ்வு. செயலாளர் அவர்கள் உறையுடன் மேடைக்கு வரவும்."

செயலாளர் நகத்தை எடுத்துவிட்டார்.

"அடுத்த வருஷம் பார்க்கலாம்மா" என்றார். "பதக்கம் ஒரு தடவை வாங்கிட்டா அப்புறம்…"

"பரவாயில்ல சார். போங்க, கூப்பிடுறாங்க." அம்மாள் அவருடைய சட்டையின் காலரைப் பார்த்தார். ஒரு பக்கம் மடங்கியிருந்தது. சரிசெய்யக் கை நீட்டியவர், என்ன நினைத்தாரோ, கையை இழுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார்.

செயலாளர் இப்போது பேரவையின் தலைவர். இஸ்திரிக்குச் சட்டையை இரண்டு தெரு தள்ளிப் போடுகிறார். அங்கே மடிப்பு அவ்வளவு நன்றாக இல்லை. பதக்கத்துக்குப் பிறகு பேரவை எழுதிக் கொடுத்த பாராட்டுப் பத்திரத்தை மட்டும் அவர் உறையில் போடவில்லை. சட்டம் போட்டு, கூடத்தில் ஜன்னலுக்கு நேரெதிரே, முழு வெளிச்சத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் எல்லோரும் அதை வாசிக்கலாம். கை வைத்துப் பார்க்கவும் தடையில்லை. தங்க எழுத்தில் இப்படி இருக்கிறது:

'ஒரு தாயின் முகத்தை, அவள் பெற்ற மகள் நேரில் வந்து கேட்டு நின்றபோதும் காட்டாமல் காத்தவர்.'