அறுவடை மெஷின் நின்ற நேரம்

நல்ல மனைவியாக நடந்துகொள்வது எப்படி என்பதை நான் டிவி சீரியல் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். எம்.காம். படித்தவள் இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனால் எம்.காமில் அந்தப் பாடம் இல்லை. (வீட்டிலும் யாரும் சொல்லித் தரவில்லை. "எல்லாம் போகப் போகத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அம்மா சீர் முறுக்கை டின்னில் அடுக்கப் போய்விட்டாள்.)

சீரியலில் விதிகள் தெளிவாக இருந்தன. புருஷன் கையைத் தானாகப் பிடிக்கிறவள் வில்லி. அவளுக்குக் கையில்லாத ஜாக்கெட், விரித்த தலைமுடி, பின்னணியில் ஓர் உறுமல். கதாநாயகி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக் கண் கலங்குவாள். அவளுக்கு எதிலும் ஆசை கிடையாது. அதனால்தான் அவள் கதாநாயகி. பிறகு ஒருநாள் மயங்கி விழுவாள், கர்ப்பம் என்பார்கள். எப்படி என்பது சீரியல் எடுத்தவர்களுக்கே தெரியாது.

எனக்கு ஆசை இருந்தது. அதுதான் சிக்கல். பெண் பார்க்க வந்தபோது, வாழைக்காய் பஜ்ஜியை மும்முரமாகப் பேப்பரில் ஒற்றி எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த அந்த மனிதரை எனக்கு அப்போதே ரொம்பப் பிடித்துவிட்டது. திருவிடைமருதூரிலிருந்து திருத்துறைப்பூண்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனேன். மனதில் இருப்பது முகத்தில் தெரிந்தால் போயிற்று, உறுமல் சத்தம் கேட்கும் என்று பயந்தேன்.

முதல் ராத்திரி அவர், "களைப்பா இருக்கா?" என்றார். தரையைப் பார்த்தேன். "ஃபேனைக் கூட்டி வைக்கட்டா?" என்றார். கண் கலங்கினேன். (நன்றாகவே வந்தது, பல வருடப் பயிற்சி.) கொஞ்ச நேரம் என்னையே பார்த்தவர், தலையணையை எடுத்துக்கொண்டு கீழே பாய் விரித்துப் படுத்துவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சீரியலிலும் கதாநாயகன் கீழேதான் படுப்பான்.

மறுநாள் மல்லிகைப்பூ வாங்கி வந்து கொடுத்தார். பணிவாக வாங்கிச் சாமி படத்துக்குப் போட்டேன்.

குறுவை அறுப்பு நெருங்கிவிட்டதால் மறுவீட்டை அறுப்புக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று பேசியிருந்தார்கள். அந்த வாரமெல்லாம் நான் கட்டிலிலும் அவர் பாயிலுமாகப் பண்போடு குடும்பம் நடத்தினோம். அறுப்பு அன்று காலை மாமியார் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"ஏம்மா, உனக்கு என் பையனைப் பிடிக்கலையா?"

"ஏன் அத்தை?"

"இஷ்டமில்லாத பொண்ணைக் கட்டி வெச்சுட்டாங்க, பாவம், அழுதுகிட்டே இருக்குங்கறான். மறுவீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி அங்கயே விட்டுட்டு வந்துடறானாம். மத்தியானம் உங்கப்பாவுக்குப் போன் பண்ணிப் பேசப் போறான்."

எந்த எபிசோடிலும் இப்படி நடந்ததில்லை.

"பிடிக்கும் அத்தை. ரொம்பப் பிடிக்கும்."

"அதை எதுக்கு என்கிட்ட சொல்ற? வயல்ல நிக்கிறான், போய்ச் சொல்லு."

"பொம்பளை நானா போயி எப்படி அத்தை…"

"அவனை நான்தான் பெத்தேன். நான் பொம்பளை இல்லையா?" என்றவர் முருங்கைக்காயை நறுக்கத் தொடங்கிவிட்டார்.

போன் செய்தேன், எடுக்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் ஓடினேன். மேகம் கூடி நின்றது. மழைக்கு முன்னால் நெல்லைக் கரையேற்ற வேண்டும் என்பதால் மெஷின் பேயாய் இரைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நடந்தபடி அவர். களத்தில் கோணியைப் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள். வாய்க்கால் கரையில், எப்போதும் அதிகம் பேசாத என் மாமனார்.

"என்னங்க, எங்கப்பாவுக்குப் போன் பண்ணாதீங்க" என்று கத்தினேன்.

"போனு வண்டியில இருக்கு" என்று அவரும் கத்தினார்.

இனி தரையைப் பார்த்துப் பயனில்லை என்று புரிந்தது. இருந்த மூச்சையெல்லாம் திரட்டினேன். அந்த நேரம் பார்த்து வைக்கோல் சிக்கி, டிரைவர் எஞ்சினை அணைத்தார். என்னால் அணைய முடியவில்லை.

"எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. இனிமே கீழ படுக்காதீங்க, மேல வந்து படுங்க."

வயலில் அப்படி ஒரு அமைதி. எனக்குத் தெரிந்து கோடியக்கரைப் பறவைகள் வரைக்கும் கேட்டிருக்கும். கோணிப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மழை இன்னும் விழவில்லை. ஆனாலும் மாமனார் குடையை விரித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றார். ஆத்தூரிலிருந்து மெஷினோடு வந்திருந்த டிரைவர் மட்டும் மேலேயிருந்து, "நீங்க வீட்டுக்குப் போங்கண்ணே. மீதியை நான் பாத்துக்கறேன்" என்றார்.

என் வீட்டுக்காரர் காது வரை சிவந்து போய், "அறுப்பை முடிச்சுட்டு வர்றேன்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "சீக்கிரமே வர்றேன்" என்றார். எனக்கு வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து அழுகை வந்தது. இந்தத் தடவை நிஜ அழுகை, அதனால் மூக்கும் ஒழுகியது.

மறுவீட்டுக்குப் போனோம், ஜோடியாகவே திரும்பினோம். இன்றும் எங்கள் வீட்டில் மிக்ஸியோ மோட்டாரோ சட்டென்று நின்றால், எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு மரியாதையாக என் முகத்தைப் பார்ப்பார்கள். போன வாரம் எல்லாரும் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தோம். புதுக் கதாநாயகி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்து அழுதாள். அவள் புருஷன் தலையணையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான்.

மாமனார் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு டிவியைப் பார்த்துச் சொன்னார்: "அந்தப் பொண்ணை ஒருநாள் அறுப்புக்கு அனுப்பி வைங்கப்பா."