முட்டைச்சாமியின் இரண்டு குடங்கள்

முட்டைச்சாமி கிளியூருக்கு வந்த அன்று எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்க ஆளில்லை. ஆள்கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டரே கூட்டத்தில் முதல் ஆளாக நின்றார். அத்தனை மகிமை!

கர்ப்பிணியின் நிழல் சாமிமேல் விழக்கூடாதாம். ஆகவே நடுவில் திரை. திரைக்கடியில் கையை நீட்டி வீட்டுக்கோழி முட்டையைக் கொடுக்க வேண்டும். சாமி அதை முதல் குடத்தில் போடுவார். மூழ்கினால் வயிற்றில் 'அவசரப் பேய்'. பிள்ளை மாசத்துக்கு முன்பே பிறந்துவிடும். எல்லார் முட்டையும் மூழ்கியது. பேய்க்குச் சாதி, மதம் கிடையாது பாருங்கள்!

பரிகாரம்? கர்ப்பிணி முட்டை, கீரை, ராகிக்களி எதையும் தொடக்கூடாது. அத்தனையும் பேய்க்குப் படையல். படையல் வந்ததும் முட்டை இரண்டாம் குடத்துக்கு மாறும், மிதக்கும். பேய் தின்றது, தொப்பை மட்டும் சாமிக்கு விழுந்தது.

முத்தாயிக்கு ஆறாம் மாசம். போன தடவை ஏழாம் மாசத்திலேயே பிறந்த பிள்ளை தங்கவில்லை. இதையாவது காப்பாற்ற வேண்டுமென்று வெறும் கஞ்சித் தண்ணீரில் கிடந்தாள். எழுந்தால் கண் இருட்டியது.

நர்ஸ் தேவகுமாரி வீடு தேடி வந்து, அவள் மேல்கையில் நாடாவைச் சுற்றி அளந்தாள். கீழிமையை இழுத்துப் பார்த்தாள்.

"ரத்தமே இல்ல முத்தாயி. கை குச்சியாட்டம் இருக்குது. முன்னாடியே பொறக்க எத்தனையோ காரணம் இருக்கும். இந்த ஒண்ணு கண்ணுக்குத் தெரியுது, சரி பண்ணலாம். மாத்திரை தர்றேன். மொதல்ல வயிறாரச் சாப்புடு கண்ணு."

"முட்டை முழுகிப் போச்சுங்களே!"

"உங்க ஊட்டுக்காரர் குடுத்தாலும் முழுகும்."

முத்தாயி யோசித்தாள். மறுநாள் திரைக்கு இந்தப் பக்கம் புருஷன் மாதையனை உட்கார வைத்தாள். அவன் முரட்டுக் கையில் அவளுடைய வளையல்கள். முட்டை மூழ்கியது.

"ஏழு மாசம் தாயி! பேய் கொழந்த தலைமேலயே உக்காந்திருக்குது!"

மாதையன் திரையை விலக்கினான். முகம் நிறைய மீசை.

சாமி ஒரு கணம்தான் திகைத்தார். "பாத்தீங்களா! பேய் பொண்டாட்டிய விட்டுப் புருஷனுக்குத் தாவிருச்சு!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ரைட்டர் பரிவோடு குனிந்தார்: "ஏம்ப்பா மாதையா, மசக்கை நொம்ப இருக்குதா?"

முத்தாயிக்கு வந்ததே கோபம்! படையல் எதுவும் வைக்காமலே அந்த முட்டையை எடுத்து இரண்டாம் குடத்தில் போட்டாள். மிதந்தது. முதல் குடத்தில் போட்டாள். மூழ்கியது. மிதந்த குடத்துத் தண்ணீரை விரலில் தொட்டு நக்கினாள்.

"தூ! உப்புங்க! ஊறுகாய்த் தண்ணியாட்டம் கரிக்குதுங்க!"

ரைட்டர் நக்கினார். வரிசையே நக்கியது. எல்லாரும் துப்பி முடிப்பதற்குள் சாமி குப்பனூர் ரோட்டில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார்.

முத்தாயி படையல் முட்டைகளை அங்கேயே அவித்து, வந்திருந்த கர்ப்பிணிகளுக்கெல்லாம் கொடுத்துத் தானும் தின்றாள்.

"அவசரப்பட்டு எல்லாத்தையும் தின்னுட்டா, பேய் கோவிச்சுக்காதுங்களா?" என்றார் ரைட்டர், இன்னும் சந்தேகத்தோடு.

கண்ணில் படாத பேய்க்குப் பசிக்கும் என்று முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிய பெரியவர்களே, கண்ணெதிரே மயங்கி விழுகிற பிள்ளைத்தாய்ச்சிக்குப் பசிக்கும் என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு இன்னும் எத்தனை சாமி வரவேண்டும்?