மண்தின்னி முசியேவும் ஏழாம் எண் குழியும்

சைகோன் மண்ணை மிதித்தவர்கள் லட்சக்கணக்கானோர். நான் அங்கே இருந்த காலத்தில் அதை விரும்பிக் கடித்துப் பார்த்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் மண்தின்னி முசியே. முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா.

இந்தப் பட்டப்பெயரை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லலாம். கோபித்துக்கொள்ள மாட்டார். "தின்னல தம்பி, கடிச்சுத்தான் பாத்தேன்" என்று திருத்துவதோடு சரி. புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுக்காரர்கள் ரப்பர்த் தோட்டம் போட்ட நாளில் குழி தோண்டி மண் எடுத்துக் கொடுக்க வந்தவர். அவர்கள் கப்பலேறினார்கள், குடியரசு வந்தது, நாற்காலிகளில் ஆள் மாறியது. முசியே மட்டும் மண்வெட்டியோடு இருந்த இடத்திலேயே இருந்தார்.

டிஸ்ட்ரிக்ட் 1இல் ஒரு பழைய மஞ்சள் கட்டடத்தின் மாடியில் எங்கள் மண் ஆய்வு அலுவலகம். அவர் குழி தோண்டி எழுதிக்கொண்டு வருவதைப் பார்த்து வரைபடத்தில் வண்ணம் தீட்டுவது என் வேலை. எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. காரைக்காலிலிருந்து கூட்டிவந்த மனைவி, இரண்டு பிள்ளைகள், வேலை போய்விடுமோ என்ற நிரந்தர பயம், இவ்வளவுதான் என் குடும்பம்.

சேர்ந்த முதல் நாளே ஒரு சிட்டிகை மண்ணை நீட்டினார்.

"முன்பல்லால கடி."

"எதுக்கு முசியே?"

"நறநறன்னா மணல். மாவு மாதிரி கரைஞ்சா வண்டல். பல்லுல ஒட்டிக்கிட்டுப் போகமாட்டேன்னா களி. எந்த மெஷினும் இவ்ளோ சீக்கிரம் சொல்லாது."

கடித்தேன். ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் வரை ஒட்டிக்கொண்டே இருந்தது.

அவரிடம் ஒரு நிறப் புத்தகம் உண்டு. பக்கத்துக்குப் பக்கம் சின்னச் சின்ன வண்ணக் கட்டங்கள். மண் கட்டியைப் பக்கத்தில் வைத்து எந்தக் கட்டத்தோடு பொருந்துகிறது என்று பார்த்து எண்ணை எழுத வேண்டும். அலுவலகத்தில் இருந்த மற்றவர்கள் அதை மண்ணுக்கு மட்டும் பயன்படுத்தினார்கள். முசியே அதைச் சாப்பாட்டுக்கும் எடுத்துக்கொண்டு வருவார். மசூதிக்குப் பின்சந்தில் காரைக்கால் பாய் ஒருவர் மெஸ் வைத்திருந்தார். மீன் குழம்பு இலைக்கு வந்ததும் முசியே புத்தகத்தைப் பிரிப்பார்.

"என்ன பாய், நேத்து இந்தக் கட்டம். இன்னைக்கு ரெண்டு கட்டம் வெளுத்துப்போச்சே. மொளகாய் குறைஞ்சுதா?"

"யா அல்லா! எல்லாரும் ருசி பாப்பாங்க, இந்த மனுசன் நம்பர் பாக்குறாரே!"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

பாய் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மொளகாய் வர்ற கப்பல் இன்னும் வரலை முசியே. மத்தவங்களுக்குச் சொல்லிடாதீங்க."

தெருவில் எங்கேயாவது குழாய் பதிக்கக் குழி வெட்டியிருந்தால் முசியே ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கிவிடுவார். ஒருமுறை குழிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவரை, தவறி விழுந்துவிட்டார் பாவம் என்று நாலு பேர் சேர்ந்து மேலே தூக்கி, தூசி தட்டி, தண்ணீரும் கொடுத்து அனுப்பினார்கள். அவர் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பவும் இறங்கினார்.

இன்னொரு நாள் கதை கொஞ்சம் ஆபத்தானது. ஓர் அரசாங்கக் கட்டடத்தின் வாசலில் குண்டுக்குப் பாதுகாப்பாக மணல் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். அதில் ஒன்று கிழிந்திருந்தது. முசியே நேரே போய் விரலை விட்டு ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார். காவலுக்கு நின்ற சிப்பாய் துப்பாக்கியை நீட்டினான். முசியே நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வியட்நாமிய மொழியில் கேட்டார்: "இது பியென் ஹோவா ஆத்து மணல்தானே?"

துப்பாக்கி மெதுவாக இறங்கியது. "எங்க ஊர்" என்றான் சிப்பாய். பிறகு அவனும் ஒரு பிடி எடுத்துப் பார்த்தான். மூன்று மாதமாக அந்த மூட்டைகளில் சாய்ந்துகொண்டு நிற்கிறானாம், தெரியாதாம். எங்கள் இருவருக்கும் சிகரெட் கொடுத்து அனுப்பினான். நான் அதைப் பற்றவைக்காமலே வீடு வரை கொண்டுவந்தேன்.

"எதுக்கு இப்படி எல்லா மண்ணையும் நோண்டிக்கிட்டு இருக்கீங்க?" என்று அன்று கேட்டேன்.

"மனுசனுக்குச் சாதி பாத்தா பாவம். மண்ணுக்குப் பாக்காம விட்டா அதவிடப் பாவம்" என்றார். அதன் அர்த்தம் எனக்குப் புரிய இன்னும் ஒரு வருடம் ஆயிற்று.

சண்டையில் ஊரை விட்டு ஓடிவந்த குடும்பங்கள் நூற்றுக்கும் மேல், தகரக் கொட்டகைகளில் காத்துக்கிடந்தன. அவர்களைக் குடியேற்ற நகரத்துக்கு மேற்கே ஒரு சதுப்பு நிலம் பார்த்திருந்தார்கள். வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டு நெல் போடுவதாகத் திட்டம். அதற்கு முன் மண் எந்த வகை என்று நாங்கள் சொல்ல வேண்டும். முசியே பன்னிரண்டு குழி வெட்டினார். ஒவ்வொரு குழியிலும் கத்தியால் பக்கச் சுவரைச் செதுக்கி, மேலிருந்து கீழாக அடுக்கு அடுக்காக நிறம், ஈரம், வேர், புள்ளி, வாசனை எல்லாம் எழுதினார். குழிகளின் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒத்துப்போகிறவற்றைச் சேர்த்து ஒரு வகையாக்கிப் பெயர் வைப்பதுதான் முறை.

எங்கள் மேலதிகாரியை எல்லோரும் பிரெஞ்சு வழக்கப்படி ஷெஃப், அதாவது தலைவர், என்போம். வியட்நாமியர், கண்டிப்பானவர், கெட்டவர் அல்ல. ஏழாம் எண் குழியைப் பார்க்க அவரே வந்தார். கறுகறுவென்று வெண்ணெய் மாதிரி சேறு. புளிப்பு பார்க்கும் காகிதத்தை நனைத்தால் எண் ஆறுக்கு மேல் காட்டியது; எண் குறையக் குறையத்தான் புளிப்பு அதிகம். நெல்லுக்கு அதைவிட என்ன வேண்டும்? ஷெஃப் முகம் மலர்ந்தது.

குழிக்குள் இருந்த முசியேவின் முகம் மலரவில்லை. சேற்றை மூக்கருகே கொண்டுபோனார். அழுகிய முட்டை நாற்றம்.

"இது தூங்குற மண்ணு. தண்ணிக்குள்ள இருக்கிறவரைக்கும் சமத்து. வடிச்சுக் காயவிட்டீங்கன்னா காடியா மாறிடும். ஒரு நாத்து நிக்காது" என்று பிரெஞ்சில் சொன்னார்.

"காகிதத்தில் எண் நன்றாக இருக்கிறதே?"

"அது ஈரத்துல பாத்த எண்ணு. காஞ்சப்புறம் பாக்கணும்."

"எத்தனை நாள்?"

"மூணு வாரமாவது ஆகும்."

"வரைபடம் பத்து நாளில் போயாக வேண்டும். கையெழுத்துப் போடுங்கள்."

முசியே போடவில்லை. மறுநாள் அலுவலக ஜன்னல் திண்டில் பிஸ்கட் டின் மூடிகள் வரிசையாக உட்கார்ந்தன. ஒவ்வொன்றிலும் ஏழாம் குழியின் கட்டிகள். வாசனை மாடி முழுக்கப் பரவியது. தட்டச்சு செய்யும் பெண்கள் மூக்கில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு ஒற்றைக் கையால் தட்டினார்கள். அந்த வாரக் கடிதங்களில் இருந்த பிழைகளுக்கெல்லாம் ஏழாம் குழியே பொறுப்பு.

நான் அவரிடம் போய்ச் சொன்னேன்: "போட்டுடுங்க முசியே. மேல உள்ளவங்க பொறுப்பு. நமக்கு எதுக்கு வம்பு? எனக்குப் புள்ளைங்க இருக்கு."

அவர் கோபப்படவில்லை. என் மேசையில் பாதி தீட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தார். "நீ வைக்கிற இந்தப் பச்சையப் பாத்துத்தான் தம்பி அவங்க குடிசை போடப்போறாங்க. அவங்களுக்கும் புள்ளைங்க இருக்கு."

சொல்லிவிட்டு மூடிகளைத் திருப்பி வைக்கப் போய்விட்டார்.

நான் வீரன் அல்ல. எதிர்த்துப் பேச வராது. ஆனால் வேலையைக் கெடுக்க எனக்கு நன்றாக வரும். மறுநாள் பச்சை மையை வரைபடத்தின் மேல் கொட்டினேன். புதுத்தாளில் ஆரம்பித்து நாலாம் நாள் அளவுகோலைத் தப்பாகப் போட்டேன். பிறகு தூரிகை தேய்ந்துவிட்டது என்றேன். பிறகு வயிற்றுப்போக்கு என்று மூன்று நாள் வரவில்லை. ஷெஃப் என்னைக் கூப்பிட்டு, "இவ்வளவு மோசமாக வண்ணம் தீட்டுகிற ஆளை நான் பார்த்ததில்லை" என்றார். தலையைக் குனிந்துகொண்டேன். வெளியே வந்ததும் முசியே என்னைப் பார்த்தார். அன்று மெஸ்ஸில் தன் இலையிலிருந்த வறுத்த மீனை எடுத்து என் இலையில் வைத்தார்.

இருபதாம் நாளோ என்னவோ, காய்ந்து வெடித்த கட்டிகளில் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் புள்ளிகள் பூத்தன. முசியே நிறப் புத்தகத்தைத் திறந்து பொருத்திப் பார்த்தார். காகிதத்தை நனைத்து ஒட்டினார். எண் மூன்று.

ஓடிப்போய் ஷெஃப்பிடம் காட்டுவார் என்று நினைத்தேன். அவர் கட்டிகளைத் தண்ணீரில் ஊறவைத்தார். தெளிந்த நீரை வடித்தெடுத்தார். அப்புறம் கெட்டியாக டீ போட்டு இரண்டு கோப்பையில் ஊற்றிக்கொண்டு ஷெஃப் அறைக்குள் போனார். விஷம் வைக்கிறாரோ என்று பின்னாலேயே ஓடினேன்.

"குடிக்க வேணாம், பாருங்க போதும்" என்று சொல்லி, ஊறவைத்த நீரை ஒரு கோப்பையில் ஊற்றினார். டீ கண்ணெதிரே கறுத்தது. என் மைக்கூட்டில் இருந்த கறுப்பைவிடக் கறுப்பு.

ஷெஃப் அந்தக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக் குனிந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "நாங்கள் தெற்கே கழிமுகத்தில் இருந்தவர்கள். எங்கள் வாய்க்கால் தண்ணீரில் டீ இப்படித்தான் கறுக்கும். அந்த நிலத்தில் அப்பா ஐந்து வருடம் நெல் போட்டார். ஐந்து வருடமும் சிவந்து செத்தது."

"அதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு சொல்வாங்க?"

"ஃபென்."

"படிகாரம்" என்று எனக்குத் தமிழில் சொன்னார் முசியே.

பன்னிரண்டு குழி மண்ணையும் காயவைத்தோம். எட்டு புளித்தது. ஷெஃப் என்னை அருகே உட்காரவைத்து அறிக்கையைத் தானே திருத்தினார். 'நெல்லுக்கு உகந்த கரும்படிவு' என்று இருந்ததை அடித்துவிட்டு, 'காய்ந்தால் புளிக்கும் களிமண். வடிக்கக் கூடாது' என்று எழுதினார். நான் நெல்லுக்கான பச்சையை விட்டுப் புளிப்பு மண்ணுக்கான ஊதாவைத் தொட்டேன். அன்று என் கை ஒரு கோடு பிசகவில்லை. தாமதத்துக்காக மேலிடத்தில் ஷெஃப் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அந்தக் குடும்பங்களுக்குத் தூ டுக் பக்கம் மேட்டில் சாம்பல் நிற மணற்பாங்கான நிலம் கொடுத்தார்கள். நெல் வராது; வேர்க்கடலை வந்தது. அடுத்த வருடம் ஒரு சாக்கு நிறைய அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். முசியே ஒரு கடலையை உடைத்து, பருப்பை விட்டுவிட்டு ஓட்டில் ஒட்டியிருந்த மண்ணைத்தான் முதலில் கடித்தார்.

இத்தனைக்கும் அரசாங்கம் அவருக்குச் செய்த மரியாதை ஒரு கண்டனக் கடிதம். அலுவலக வளாகத்துக்குள் துர்நாற்றப் பொருள் கொண்டுவந்ததற்காக. அதன் பின்பக்கம் வெற்றாக இருந்ததால் அடுத்த குழியின் விவரத்தை அதில் எழுதிக்கொண்டார்.

சில வருடங்களில் சண்டை நகரத்தை நெருங்கியது. மனைவி பிள்ளைகளை முன்னாலேயே ஊருக்கு அனுப்பிவிட்டேன். நான் கிளம்பும்போது எனக்கு யாரிடமும் சொல்லிக்கொள்ளத் தைரியம் வரவில்லை. வியாழக்கிழமை போகிறேன் என்று மட்டும் முசியேவிடம் சொல்லிவிட்டு நழுவிவிட்டேன்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு டான் சோன் நாட் விமான நிலையத்தில் டாக்சியை விட்டு இறங்கினேன். வாசல் கம்பியோரம் வெயிலில் முசியே நின்றிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எப்ப வந்தீங்க?"

"எந்தப் பிளேன்னு நீ சொல்லலியே தம்பி. அதான் மொதப் பிளேன்லேர்ந்து நிக்கிறேன்."

அன்றைக்கு முதல் விமானம் காலை ஆறரைக்கு. எனக்காக அவ்வளவு நேரம் நின்ற மனிதர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.